அவளைவிட நீ நல்லா ஓட்டுறே

"ஹலோ... ஆங், சொல்லுக்கா... வந்தாச்சு, வந்தாச்சு. கரைக்கு வந்தாச்சு... ஆமா, ஆமா, நான்தான் ஓட்டிட்டுப் போனேன், நான்தான் ஓட்டிட்டு வந்தேன்... இல்ல, மாஸ்டர் ஏறல. படகுல நாங்க ரெண்டு பேருதான்... எங்கயும் இடிக்கல. ஏன், இடிச்சிருப்பேன்னு நினைச்சியா?... சரி, சரி, விளையாட்டுக்குக் கேட்ட, தெரியுது... அவரா? இருக்காரு. படகுலதான் உக்காந்திருக்காரு... இன்னும் எறக்கல... எறக்கலன்னு சொல்றேன்ல?"

படகுத்துறையின் பலகை நடைபாதை கரையைத் தொடுகிற இடத்தில், படகு கழுவுகிற குழாய்க்குப் பக்கத்தில் நின்றபடி அவள் பேசிக்கொண்டிருந்தாள். லைஃப் ஜாக்கெட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை. தெறித்த உப்புத் தண்ணீர் மூக்குக்கண்ணாடியில் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விட்டிருந்தது. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். ஊரில் பாதிப் பேருடைய கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டவள். தன்னுடையதைத் துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

நடைபாதையின் மறுமுனையில், பாய் இறக்கிய சின்னப் படகு தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கப் பலகையில் அவளுடைய கணவர் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துபோன மனிதர். இடது கையால் கம்பியைப் பிடித்திருந்தார். வலது கை மடியில், யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது. அவராக எழுந்து கரைக்கு வர முடியாது. இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால்தான் உண்டு. அவர் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயிலா? இருக்கட்டும். தொப்பி போட்டிருக்காரு... தண்ணி குடிச்சாச்சு... என் குரலுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு... ஒண்ணும் நடக்கலக்கா... நடந்துச்சு. சொல்றேன். நீ நடுவுல பேசாம இருந்தா சொல்றேன்... பாரு, அதுக்குள்ள பேசுற."

போனில் இருந்தது அவளுடைய அக்கா. பாலத்துக்கு அந்தப் பக்கம், அரை மணியில் வந்துவிடக்கூடிய தூரத்தில் வீடு. கூடப்பிறந்தவள் என்று இருக்கிறது அவள் ஒருத்திதான். இவள் வீட்டில் பால் பொங்கினாலும் பாத்திரம் உடைந்தாலும் முதலில் தெரிவது அவளுக்குத்தான். அதனால்தான் இன்றைக்கும், முதல் தடவையாகத் தனியாகப் படகு எடுக்கப்போகிறேன் என்று இவள் காலையில் சொல்லியிருந்தாள். அதனால்தான் அக்காவும் பொறுமை இல்லாமல் கூப்பிட்டுவிட்டாள்.

"காலையில நல்லாத்தான் போச்சு. மாஸ்டரும் டிரைவரும் பெல்ட்டைப் போட்டுத் தூக்கி அவரை உள்ள உக்கார வச்சாங்க. மாஸ்டர் என்கிட்ட, 'அம்மா, மிதவையைத் தாண்டிப் போகாதீங்க, நான் மோட்டார் படகுல பாத்துக்கிட்டே இருக்கேன்'னாரு... ஆமா, அந்த விசில்காரர்தான். இப்ப எல்லாம் அவரு எனக்கு விசில் ஊதுறதில்ல, தெரியுமா? மத்தவங்களுக்குத்தான்... ஆங், பெருமைதான். இருக்கக் கூடாதா?"

அவள் பெருமைப்பட்டால் தப்பில்லை. இந்த வயதில் சுக்கானைப் பிடிப்போம் என்று அவள் கனவுகூடக் கண்டதில்லை. அவர் துறைமுகத்தில் இன்ஜினியராக இருந்தபோது வாங்கிய படகு அது. விடுமுறை நாள் விடிந்தால் சிநேகிதர்களோடு கிளம்பிவிடுவார். கல்யாணமான புதிதில் ஒருநாள் நானும் வரட்டுமா என்று கேட்டாள். "உனக்குத் தலை சுத்தும்" என்றார். அடுத்த வருஷம் கேட்டாள். அதே பதில். அவளுக்கு பஸ்ஸில் சுற்றியதில்லை, மலைப் பாதையில் சுற்றியதில்லை, பையனை வயிற்றில் சுமந்தபோதுகூடச் சுற்றியதில்லை. ஆனாலும் வீட்டில் அது சட்டமாகிவிட்டது. வருகிறவர்களிடம் அவளே சொல்லப் பழகிவிட்டாள்: "எனக்குத் தலை சுத்தும், நான் போறதில்ல."

போன வருஷம் அவர் விழுந்தார். முதல் மாதம் படகு சிநேகிதர்கள் பழப்பையோடு வந்தார்கள். அப்புறம் போனில் விசாரித்தார்கள். அப்புறம் அதுவும் நின்றது. அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். பாதித் தட்டோடு போதும் என்றார். வைத்தியம் பார்க்க வந்தவர்கள் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை: படகு. விற்றுவிடலாமா என்று பையன் வெளியூரிலிருந்து போனில் கேட்டபோது, அந்த மனிதர் குழந்தை மாதிரி அழுதார். அழுது முடித்துவிட்டு அவளைப் பார்த்து, குழறிக் குழறிச் சொன்னார்: "நீ கத்துக்கோ."

தலை சுற்றுவதைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை.

மாஸ்டர் நடத்திய படகு வகுப்பு, படகுக் கொட்டகைக்கு மேலே ஒரு மாடி அறையில் நடந்தது. கூடப் படித்தவர்கள் எல்லாம் அவள் பையன் வயதுக்காரர்கள். சுக்கான் பிடியை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் போகும் என்பது அவளுடைய தலைக்கு ஏறினாலும் கைக்கு ஏறவில்லை. முதல் நாளே துறையில் கட்டியிருந்த பழைய டயரில் போய் முட்டினாள். மாஸ்டர் காது கிழிய விசில் ஊதினார். இரண்டாவது வாரம் பாயின் அடிக்கட்டை திரும்பி வந்து நெற்றியில் அடித்தது. வீங்கிய நெற்றியோடு கடைக்குப் போனால், கல்லாவில் இருப்பவள் கதவைச் சாத்திவிட்டு, "வீட்டுல ஏதாவது தகராறா?" என்று குசுகுசுத்தாள். கை கொப்பளித்தது, பழுத்தது, காய்த்தது. ஒருநாள் மாஸ்டர் மோட்டாரை அணைத்து, பாயை ஏற்றச் சொன்னார். திடீரென்று எந்தச் சத்தமும் இல்லை. தண்ணீர் படகின் வயிற்றைத் தடவிக்கொண்டு போகிற சத்தம் மட்டும். இத்தனை வருஷமாக இதைத்தான் எனக்குக் காட்டாமல் வைத்திருந்தாரா என்று நினைத்தாள். அதை வீட்டில் சொல்லவில்லை. வீட்டில் பரீட்சைதான் நடந்தது. "காத்து... பின்னாடி வந்தா?" என்று கேட்பார். அவள் சொல்வாள். அவர் 'ப்ச்' கொட்டுவார். சரியாகச் சொன்னாலும் 'ப்ச்'தான்.

"கேக்குறியா?... மிதவை வரைக்கும் சும்மா வழுக்கிக்கிட்டுப் போச்சுக்கா. அவரு ஒண்ணும் சொல்லல. கண்ணை மூடிக்கிட்டு மூஞ்சியைக் காத்துக்குக் காட்டிக்கிட்டு இருந்தாரு. எனக்கே பாவமா இருந்துச்சு. இதுக்காகவாவது கத்துக்கிட்டமேன்னு இருந்துச்சு... ஆமா, கண்ணுல தண்ணிகூட வந்துச்சு. எனக்குத்தான், அவருக்கில்ல... அப்புறம் திரும்பணும்ல? காத்து முதுகுப் பக்கத்துலேருந்து வருது. அப்படித் திரும்புறதுதான் கஷ்டம். பாயி இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் டமார்னு அடிக்கும். அவரு தலை வேற நடுவுல இருக்கு, குனிய முடியாது. நான் என்ன பண்ணேன், கயித்தை முதல்லயே இழுத்து இழுத்துக் கையில வச்சுக்கிட்டேன். பாயை நடுவுக்குக் கொண்டுவந்து, மெதுவா, கதவைச் சாத்துற மாதிரி, அந்தப் பக்கம் விட்டேன். படகு ஆடவே இல்ல. அவரு தொப்பிகூட அசையல."

ஒரு கடல்பறவை குழாயடித் தண்ணீரில் அலகை நனைத்துவிட்டுப் போனது.

"இருக்கேன், இருக்கேன்... அவரு கண்ணைத் திறந்து என்னைப் பாத்தாரு. சிரிச்சாரு. பாதி வாய்தான் சிரிக்கும், உனக்குத் தெரியுமே. கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னை ஒரு வார்த்தை பாராட்டினது கிடையாது அந்த மனுஷன். சட்டைக்குப் பட்டன் தைச்சுக் குடுத்தா, பட்டனை இழுத்துப் பாத்துட்டுத்தான் போட்டுக்குவாரு. இன்னிக்குப் பாராட்டினாரு. என்ன சொன்னாரு தெரியுமா?... குழறல் எல்லாம் இல்ல, தெளிவா. 'அவளைவிட நீ நல்லா ஓட்டுறே'ன்னாரு."

"..."

"ஆமா... ஆமா, அவளைவிட... இல்லக்கா, 'அவங்களைவிட'ன்னு சொல்லல. எனக்குக் காது நல்லாக் கேக்கும்... யாரைவிடன்னு நானும் கேட்டேன். சிரிப்பு நின்னுடுச்சு. மூஞ்சியைத் தண்ணிப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. 'யாரைவிட?'ன்னு மறுபடி கேட்டேன். கையில சுக்கான் இருக்கு, நடுத் தண்ணி. நான் என்ன பண்ணேன் தெரியுமா? படகை நேரா காத்து வர்ற பக்கம் திருப்பினேன். கயித்தை விட்டுட்டேன். அவ்வளவுதான். பாயி படபடன்னு துணி உதறுற மாதிரி அடிச்சுக்குது, படகு நின்னுபோச்சு. மாஸ்டர் சொல்லிக் குடுத்ததுதான், பயந்துட்டா இப்படிச் செய்ங்கன்னு. பயந்தது நான் இல்ல, அவரு. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பாக்குறாரு. நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டேன். 'சொல்லுங்க, அப்பதான் வீட்டுக்குப் போறது'ன்னேன்."

அக்கா என்னவோ பெரிதாகச் சொன்னாள். இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"மாஸ்டர் தூரத்துலேருந்து என்னாச்சுன்னு கை காட்டுறாரு. ஒண்ணுமில்லன்னு நானும் கை காட்டினேன்... என்ன, நோயாளியை அப்படிப் பண்ணலாமான்னு கேக்குறியா? நான் என்ன தண்ணியிலயா தள்ளிட்டேன்? உக்காந்திருந்தோம். பதில் சொல்லத்தான் நேரம் குடுத்தேன்... சொன்னாரு. ஒரே வார்த்தை. 'பழசு.' பழசாம்க்கா! சட்டையா அது, செருப்பா? பழசுன்னா என்ன அர்த்தம், தூக்கிப் போட்டாச்சுன்னா, பத்திரமா வச்சிருக்கேன்னா?... அழுதாரா? அழல. மூக்கை உறிஞ்சினாரு. அது காத்துக்கும் வரும்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து அதை இறுக்கி மூடினாள். போன் காதுக்கும் தோளுக்கும் நடுவில் மாட்டியிருந்தது.

"அப்புறம் என்ன? பாயைப் பிடிச்சு இழுத்தேன், வந்தேன். பாக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. துறையில கொண்டாந்து நிறுத்தினேன் பாரு, டயர்ல பட்டும் படாம, அப்படியே ஒட்டி. மாஸ்டர் கைதட்டினாரு. கட்டிட்டு எறங்கி வந்துட்டேன்... அவரை எதுக்கு எறக்கணும்? உக்காரட்டும். அவருக்குப் பிடிச்ச இடம்தானே அது... ஆமா, ஆமா, ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு மூளை கலங்கும், தெரியும். படிச்சு வச்சிருக்கேன். மூளை கலங்கினா இல்லாததைச் சொல்வாங்களா, இருக்கிறதை மறைக்க மறந்துடுவாங்களா?... நீ ஏன்க்கா அவருக்குப் பரிஞ்சு பேசுற?... இல்ல, பேசுற. 'ஆம்பளைங்க எல்லாம் ஒரு வயசுல அப்படித்தான்'னு சொல்ற. ஒரு வயசுலன்னு உனக்கு எப்படித் தெரியும், எந்த வயசுலன்னு நான் சொல்லவே இல்லயே?... சரி, சும்மா சொன்ன. சரி."

அவளுக்கு அப்போதுகூட ஒன்றும் தோன்றவில்லை. அக்கா எப்போதும் சமாதானப் பேர்வழி. சண்டை என்றால் முதலில் ஜன்னலைச் சாத்துகிறவள். அக்கா பேசப் பேச, இவள் படகையே பார்த்தபடி 'உம்', 'உம்' என்று கேட்டுக்கொண்டு நின்றாள். அவர் இடது கையைத் தூக்கி ஒரு தடவை ஆட்டினார். கூப்பிடுகிறாரா, வெயில் என்கிறாரா, தெரியவில்லை. அவள் பதிலுக்குக் கை ஆட்டவில்லை.

"உம்... உம்... விடச் சொல்ற... சரி, விட்டுட்டா?... உம்... என்ன?... என்ன சொன்ன இப்ப?... இல்ல, அதுக்கு முன்னாடி... 'அந்தப் பல் டாக்டரெல்லாம் ஊரை விட்டே போயாச்சு'ன்னு சொன்ன."

"..."

"எந்தப் பல் டாக்டர்?... அக்கா... சொன்னக்கா, இப்பதான் சொன்ன. நான் யாரோ ஒருத்தின்னுதான் சொன்னேன். யாருன்னு எனக்கே தெரியாது. அந்த மனுஷன் நடுத் தண்ணியிலகூட பேரைச் சொல்லல. நீ பல் டாக்டர்ங்குற... அக்கா, பேசு... அழாத. இப்ப அழாத. முதல்ல பேசு."

அவள் நடைபாதை ஓரத்துக் கட்டையில் உட்கார்ந்தாள். படகில் இருந்தவர் தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தார்.

"மாடியில கிளினிக் வச்சிருந்தாளே, பேக்கரிக்கு மேல, அவளா?... அவளேதானா?... அக்கா, எனக்குக் கடைவாய்ப் பல் வலிச்சப்ப அவகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போனது யாரு?... நீதானே?... சரி, அப்ப உனக்குத் தெரியாது. நம்புறேன். பின்னாடி தெரிஞ்சுதுல்ல? தெரிஞ்சப்புறமும் நான் போய்க்கிட்டுத்தானே இருந்தேன்? பல்லு சுத்தம் பண்ணப் போறேன்க்கான்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தானே போவேன்? ஒரு நாளாவது, 'வேற டாக்டரைப் பாருடி'ன்னு சொன்னியா?... வாயைத் திறங்கன்னு சொல்வாக்கா அவ. நல்லாத் திறங்கன்னு சொல்வா. நானும் ஆன்னு திறந்துக்கிட்டு உக்காந்திருப்பேன். வாய்க்குள்ள அவ கை. வீட்டுக்காரர் சவுக்கியமான்னு கேப்பா. நான் தலையை ஆட்டுவேன்... என் வாயில அவ அடைச்ச பல்லு ரெண்டு இன்னும் இருக்கு. இப்பவும் நாக்குல தட்டுது."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அக்கா பயந்திருக்க வேண்டும்.

"இல்ல, எனக்கு ஒண்ணும் ஆகல. நீ சொல்லு, உனக்கு யாரு சொன்னா?... யாரும் சொல்லலன்னா? நேர்ல பாத்தியா?... எங்க?... படகுல. கரையில நின்னு பாத்தியா?... பின்ன?... என்ன முன்னாடி? எதுக்கு முன்னாடி உக்காந்த?... அக்கா, நிறுத்து. மெதுவாச் சொல்லு. நீ அந்தப் படகுல ஏறினியா?"

"..."

"நீயும் அத்தானும்."

"..."

"அத்தானுக்கு ஆசை. இவரு கூப்பிட்டாரு. போனீங்க. போய்ப் பாத்தா அவ சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா... உம்... நீ முன்பக்கம் போய் உக்காந்துக்கிட்ட. திரும்பியே பாக்கல... உம். எறங்கி வந்திருக்கலாமேக்கா, கரையிலதானே இருந்துச்சு படகு அப்ப?... நல்லா இருக்காதுன்னு இருந்துட்ட. யாருக்கு நல்லா இருக்காது?... என்னைப் பத்தி என்ன சொன்னாரு அவரு?... எனக்குத் தலை சுத்தும், அதான் வரலன்னு. நீ நம்பினியா? சின்ன வயசுல ராட்டினத்துல என் மடியில வாந்தி எடுத்தது யாரு? நானா?... எத்தனை தரம் போனீங்க?... அது ஒரு தரம்தானா?... அக்கா, நான் இப்ப இருக்கிற நிலைமையில என்கிட்ட பொய் சொல்லாத... அதானே. ரெண்டாவது தரம் எதுக்குப் போன?... நல்லா இருந்துச்சு. உம். நல்லாத்தான் இருக்கும். மோட்டாரை நிறுத்தினதும் சத்தமே இருக்காது இல்ல? எனக்கும் இப்பதான் தெரியும்."

கணவர் சொன்ன வார்த்தை நெஞ்சில் ஒரு அறை மாதிரி விழுந்திருந்தது. அது வலித்தது, ஆனால் எங்கே வலிக்கிறது என்று தெரிந்தது. இது அப்படி இல்லை. எங்கே என்று தெரியாமல் உடம்பு முழுக்கப் பரவியது. அவரிடம் அவள் ஒருநாளும் எல்லாவற்றையும் சொன்னதில்லை. அக்காவிடம் சொல்லாமல் ஒன்றும் வைத்ததில்லை. எத்தனை தடவை அந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, "என்னைக் கூட்டிட்டே போறதில்லக்கா" என்று புலம்பியிருக்கிறாள். அக்காவும் காய் நறுக்கியபடியே, "அந்த வெயில்ல யாரு போவா, நீ நிம்மதியா இரு" என்று சொல்லியிருக்கிறாள். அதைச் சொன்னபோது அக்காவின் மூஞ்சி எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். சாதாரணமாகத்தான் இருந்தது.

"பையன் சின்னவன்னு... சரி... குடும்பம் உடைஞ்சிடக் கூடாதுன்னு... சரி, சரி... என் நல்லதுக்கு. அவரும் என் நல்லதுக்குத்தான் தலை சுத்தும்னு சொன்னாரு. அந்தப் பல் டாக்டரும் என் நல்லதுக்குத்தான் வாயைத் திறக்கச் சொன்னா. எல்லாரும் சேர்ந்து எனக்கு எவ்வளவு நல்லது பண்ணிருக்கீங்க! நான் ஒருத்திதான் அங்க கடையில உக்காந்து, இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதான்னு மத்தவங்களைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்... இல்ல, கத்தல. கத்தினா உனக்குத் தெரியும். நான் கத்தினதே இல்லயே, அதான் உங்க எல்லாருக்கும் வசதியாப் போச்சு."

கொட்டகைப் பக்கத்திலிருந்து மாஸ்டர் வந்தார். கழுத்தில் விசில் ஆடியது. இவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல், படகைக் கண்ணால் காட்டினார். அவள் போனைக் கையால் மூடினாள்.

"மாஸ்டர், டிரைவரையும் கூட்டிட்டு வந்து அவரை எறக்கிடுங்க. கார்ல உக்கார வச்சிடுங்க... நான் வரல. அவரு மட்டும் போவாரு. எங்க போகணும்னு டிரைவர்கிட்ட நான் சொல்றேன்... படகை விட்டுடுங்க. அது அப்படியே இருக்கட்டும்."

மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவள் எழுந்து, பின்பக்கம் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள். குரல் மாறியிருந்தது. கடையில், மூக்குத் தண்டு சரியாக இல்லை என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற குரல் அது.

"அக்கா, இருக்கியா?... கேட்டுக்கோ. அவரை உன் வீட்டுக்கு அனுப்புறேன்... இன்னிக்குத்தான், இப்பத்தான். அரை மணியில வந்துடுவாரு... ஏன், நீ அவரோட படகுல போனவதானே? வீட்டுல வச்சுக்க என்ன?... அத்தான் இருந்தா நல்லதுதான், தூக்க ரெண்டு பேர் வேணும். இடது பக்கம் நின்னு தூக்கக் கூடாது, வலது பக்கம் நில்லு, பெல்ட்டைப் பிடிச்சுக்கோ, கையைப் பிடிச்சு இழுத்துடாத, தோள் கழண்டுக்கும். மருந்துப் பை கார் பின் சீட்ல இருக்கு. வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி, ரோஸ் கலரு அப்புறம். தண்ணியை அப்படியே குடுக்காத, புரையேறும். பையில பவுடர் இருக்கு, அதைக் கலந்து கெட்டியாக்கி ஸ்பூன்ல குடு. நீ பாட்டுக்கு டிவி பாத்துக்கிட்டு ஊட்டாத. அவரு முழுங்கினாரான்னு தொண்டையைப் பாக்கணும், ஒவ்வொரு வாய்க்கும். பாத்ரூம் போகணும்னா சொல்ல வெக்கப்படுவாரு. முகத்தைப் பாத்தே தெரிஞ்சுக்கணும்... எப்படித் தெரியுமா? பாத்துப் பாத்துத்தான் தெரியும். நான் தெரிஞ்சுக்கிட்டேன்ல?"

இரண்டு ஆண்களும் அவரைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்துப் பலகை நடைபாதையில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பலகைகளின் இடுக்கில் சக்கரம் தடக் தடக் என்று ஏறி இறங்கியது. அவளைத் தாண்டுகிற இடத்தில் அவர் இடது கையைத் தூக்கினார். டிரைவர் நாற்காலியை நிறுத்தினார். அவர் வாய் கோணி, வார்த்தையைத் தேடியது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே குனிந்தாள். அவர் சொன்னார். அவள் கேட்டாள். பதில் சொன்னாள். சட்டைக் காலர் மடிந்திருந்ததைப் பழக்கத்தில் கை போய்ச் சரிசெய்தது. பிறகு டிரைவரிடம் அக்கா வீட்டு விலாசத்தைச் சொன்னாள். நாற்காலி நகர்ந்தது.

"ஆங், ஹலோ... இருக்கேன். கார்ல ஏத்துறாங்க... எவ்வளவு நாளைக்குன்னா? தெரியல. பையனுக்கு நான் போன் பண்ணிக்கிறேன். நீ பண்ணாத. நீ யாருக்கும் எதையும் சொல்லாம இருக்கிறதுலதான் கெட்டிக்காரியாச்சே... வைக்காத, வைக்காதன்னா, இன்னும் என்ன இருக்கு பேச?... மன்னிச்சுட்டேன்னு இப்ப சொன்னா பொய்யாப் போயிடும். எனக்கு உங்க அளவுக்கு வராது அதெல்லாம்... வீட்டுக்கு இப்ப போகல. இன்னொரு சுத்துப் போயிட்டு வரப்போறேன்... தனியாத்தான். மாஸ்டர் இருக்காரு, பாத்துப்பாரு... ஆமா, காத்து நல்லாத்தான் இருக்கு."

கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் படகை நோக்கி நடந்தாள். யாரும் இல்லாத பின்பக்கப் பலகை, பாரம் குறைந்து, தண்ணீரில் கொஞ்சம் உயர்ந்திருந்தது. அவள் துறையில் மண்டியிட்டாள்.

"அவரா? போகும்போது நிறுத்திச் சொன்னாரே, அதுவா?... மன்னிப்பா? அந்த மனுஷனா? நல்லாச் சொன்ன போ... படகை ஒழுங்காக் கட்டினியான்னு கேட்டாருக்கா... ஆமா. அதைத்தான் கேட்டாரு. வேற ஒரு வார்த்தை இல்ல... நான் என்ன சொன்னேனா?"

ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முடிச்சின் தலையை இழுத்தாள். கயிறு ஈரத்தோடு கையில் வந்தது.

"அவுத்துட்டேன்னு சொன்னேன். வைக்கிறேன்."